அரைக் கட்டை இறங்கிய ஊர்

சங்குமுனை மாவட்ட சிம்பொனி இசைக்குழுவில் ஓபோ என்ற மரக்குழல் வாசித்துவந்த டெல்பின் கல்தேரா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கச்சேரிக்கு முன், மற்றவர்கள் சுருதி சேர்த்துக்கொள்வதற்காக ‘ஏ’ என்ற சுரத்தை வழக்கம்போல ஊதிக் கொடுத்துவிட்டுக் குழலை வாயிலிருந்து எடுத்தாள், சுரம் நிற்கவில்லை. அவள் சீவாளியைத் துடைத்துப் பார்த்தாள், குழலை மடியில் வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டாள். அவள் நாற்காலிக்கு மேலே, ஓர் ஆள் எழுந்து நின்றால் தலை இருக்கும் உயரத்தில், அவள் ஊதிய அதே கனத்தில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. குழுவை நடத்திய தேவநேசன் சார் மின்விசிறிதான் சத்தம் போடுகிறதோ என்று அதை நிறுத்தச் சொன்னார், பிறகு புழுக்கம் தாங்காமல் போடச் சொன்னார், பிறகு நேரமாகிவிட்டதால் குச்சியைத் தூக்கினார். முப்பத்தெட்டுப் பேர் வாசித்தார்கள், நாற்பத்தொரு பேர் கேட்டார்கள், கச்சேரி முழுக்க அந்தச் சுரமும் கூடவே இருந்தது, எல்லாரும் போனபின் கதவைப் பூட்டிய காவல்காரர் அதை உள்ளே வைத்தே பூட்டினார்.

அந்த இசைக்குழு ஊரில் எப்படி முளைத்தது என்றால், வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்டுகள் ஊரை விட்டுப் போனபோது வயலின்களையும் குழல்களையும் மரப்பெட்டிகளில் அடைத்துச் சுங்கக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனார்கள். இருபது வருஷம் கழித்துச் சரக்குக் கணக்கெடுக்கப் பெட்டியைத் திறந்த குமாஸ்தாக்கள் ஆளுக்கொன்றை எடுத்துப் பார்த்து, திருப்பி வைக்க மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்தவர் உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்த தேவநேசன். தபாலில் புத்தகம் வரவழைத்து, கண்ணாடி முன்னால் நின்று குச்சி வீசப் பழகியவர். இரண்டு கன்னியாஸ்திரிகள் செல்லோ வாசித்தார்கள், ஒரு பல் டாக்டர் முதல் வயலின், உப்பளத்து மேஸ்திரி ஒருவர் கொம்பு ஊதினார். பழைய சுங்கக் கிடங்கையே ஹாலாக்கிக்கொண்டார்கள். ஊரில் நாதசுரம் இருந்தது, கோவில் பாட்டு இருந்தது, டீக்கடையில் ரேடியோ இருந்தது. இவர்களுக்கு ஊர்ப் பாட்டில் ஓர் இடம் கிடைக்கவில்லை. தேவநேசன் தன்னை நடத்துநர் என்று சொல்லிக்கொண்டால் எந்த பஸ்ஸில் என்று கேட்பார்கள். அந்த வருஷம் துறைமுக நிர்வாகம் கிடங்கைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தது, குழு ஆறு மாதம் தாண்டாது என்று எல்லாருக்கும் தெரியும்.

டெல்பினுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. துறைமுக வாசலில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முள் நின்ற இடத்தைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன எடையை யாரும் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கச் சொன்னதில்லை.

முதல் வாரம் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, சுரம் அப்படியே இருப்பதைக் கண்டு, இதனால் தீங்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்து இன்ஜினியர்கள் நாற்காலியைத் தள்ளிப் பார்த்து, கூரையில் ஏறிப் பார்த்து, கோப்பில் ‘கவனிக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதி மூடினார்கள். கிடங்குத் தெருக்காரர்கள் பத்து நாள் தூக்கம் வரவில்லை என்றார்கள், பிறகு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார்கள். பாட்டு டீச்சர் ஒருத்தி ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அதோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து மாதா கோவில் ஆர்கனைப் பழுதுபார்ப்பவர் வந்தார், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கோஷ்டி வரிசையாக வந்தது, உப்பு லாரி டிரைவர்கள் ஹாரனைத் திருகித் திருகி அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனார். காது கேட்காத உப்பளத் தொழிலாளி ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் அந்த நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். என்ன என்று கேட்டால், இருக்கு என்று தலையாட்டுவார்.

சுரத்தைக் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் கச்சேரி தொடங்கியபின் அடுத்தவர் முழங்காலைத் தாண்டி எழுந்துபோகக் கூச்சப்பட்டு முழுவதையும் கேட்டார்கள். இரண்டாம் வருஷம் ஐந்நூறு பேர் வந்தார்கள், மூன்றாம் வருஷம் தொள்ளாயிரம், ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றவர்களைச் சேர்க்காமல். மீன் ஏலம் விடுகிறவர் சிம்பொனியின் இரண்டாம் பகுதி போன மாதத்தைவிட வேகமாகப் போய்விட்டது என்று தேவநேசனைச் சந்தையில் நிறுத்திச் சொன்னார். தேவநேசன் அந்தச் சுரத்தோடு ஒத்துப்போகும் உருப்படிகளையே தேடி எடுத்தார். ஒத்துப்போகாத இடங்களில் வரும் கடுப்பு ஊருக்குப் பழகி, அதுவும் பிடித்துப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் டெல்பினிடம் ‘ஏ’ கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. முப்பத்தேழு பேரும் அவள் தலைக்கு மேலே பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள்.

சுரம் இறங்குகிறது என்பதை அவள் முதல் வருஷ முடிவில் கண்டுபிடித்தாள். அவள் கைப்பையில் ஓர் இரும்புக் கவை உண்டு. தட்டினால் சரியான ‘ஏ’ மட்டும் ஒலிக்கும், வேறெதுவும் தெரியாது அதற்கு. ஒருநாள் ஹாலில் தனியாக இருந்தபோது சும்மா தட்டினாள். கவையின் சத்தமும் மேலே நின்ற சத்தமும் சேராமல், இரண்டுக்கும் நடுவில் காற்று மெதுவாக விம்மிற்று. எடைமேடை முள் ஒரு மயிரளவு தள்ளி நிற்பதைப் பார்ப்பதுபோல அவள் அதைக் கேட்டாள். நேரே தேவநேசன் வீட்டுக்குப் போனாள்.

தேவநேசன் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம்.

“வாங்க டெல்பின். உங்களத்தான் நெனச்சேன். கிடங்கு நமக்கே நமக்குன்னு எழுதிட்டாங்க. இத்தன சனம் வர்ற எடத்த எப்படி எடுக்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க, பாருங்க.”

அவர் உள்ளே கூப்பிட்டு மக்ரூன் மிட்டாய் டப்பாவைத் திறந்து நீட்டினார். அறுபது வயதில் அவர் அந்தக் காகிதத்தை மறுபடி மறுபடி விரித்துப் படிப்பதை அவள் பார்த்தாள்.

“என்ன விசயமா வந்திய?”

“ஒண்ணுமில்ல சார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

மக்ரூன் வாயில் கரைந்தது. அடுத்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வருஷம், போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்பதும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த வருஷம் அது இரண்டு வருஷத்துக் கேள்வியாயிற்று. சுரம் இறங்க இறங்கக் கம்பி வாத்தியக்காரர்கள் தந்தியைத் தளர்த்தினார்கள், குழல்காரர்களுக்குத் துறைமுகப் பட்டறைக் கடைசல்காரர் இணைப்பில் செருக ஒரு மெல்லிய வளையம் கடைந்து கொடுத்தார், பிறகு இன்னொரு வளையம். உப்புக் காற்றில் குழல் சுருங்குகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொன்னபோது டெல்பினும் தலையாட்டினாள். முதல் வளையம் போட்டுக்கொண்டவள் அவள்தான்.

இப்படிப் பதினோரு வருஷத்தில் ஊர் முழுசாக அரைக் கட்டை சுருதி இறங்கியது. தாலாட்டு இறங்கியது, லாரி ஹாரன் இறங்கியது, பூ விற்கிறவள் தெருவில் இழுத்துக் கூவும் கூவல் இறங்கியது. ரேடியோவில் பாடுகிறவர்கள் எல்லாரும் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சங்குமுனையிலிருந்து மெட்ராசுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், அங்கே எல்லாரும் எதையோ தொலைத்துவிட்டவர்கள்மாதிரிப் பேசுகிறார்கள் என்று கடிதம் எழுதினார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்களுக்குத் தொண்டை இறங்க ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை மாமியார்கள் பொறுமையாக இருந்தார்கள். சங்குமுனைக்காரன் கோபப்பட்டாலும் நிதானமாகக் கோபப்படுவான் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் வந்தது, வழக்குகள் குறைந்ததால் கோர்ட்டு வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தது.

பன்னிரண்டாம் வருஷம் மெட்ராசிலிருந்து மிருணாளினி வரதன் என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பியானோ வாசிக்க அழைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு பெரிய கலைஞர் இவர்களோடு வாசிக்கச் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. ரயிலடியில் மாலை போட்டு, இளநீர் கொடுத்து, ஹாலுக்குக் கூட்டிவந்தார்கள். அவள் மேலே நின்ற சுரத்தை வாசலிலேயே கேட்டு, ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்து நின்றாள். பயண அலுப்பு என்று நினைத்துக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்தாள். நாலு வரி வாசித்தாள். கையை எடுத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்தாள். மறுபடி வாசித்தாள், மறுபடி எடுத்தாள்.

“சார், மன்னிக்கணும்,” என்றாள். “நான் ஒரு கட்டையை அழுத்தறேன், பக்கத்துக் கட்டை சத்தம் போடறது. எல்லாமே ஒரு படி கீழ இருக்கு. எனக்குச் சின்ன வயசிலேர்ந்து எந்தச் சத்தம் கேட்டாலும் அதோட பேர் காதுல விழுந்துடும். இங்க என் கை ஒண்ணு சொல்றது, காது ஒண்ணு சொல்றது. என்னால இதுல வாசிக்க முடியாது.”

“பியானோ சுருதி சரியாத்தாம்மா இருக்கு,” என்றார் தேவநேசன். “மேல கேக்குதுல்லா, அதோட சேத்ததுதான்.”

“அதுவும் கீழதான் சார் இருக்கு.”

தேவநேசன் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பதினோரு வருஷமாகத் தொடாத தன் இரும்புக் கவையைத் தேடி எடுத்து, மேஜை விளிம்பில் தட்டிக் காதருகே பிடித்தார். அந்த நேர்த்தியான மெல்லிய சத்தம் ஹாலில் பரவியபோது, முப்பத்தெட்டுப் பேரில் யாரும் அசையவில்லை. இரண்டு சத்தமும் ஒன்றை ஒன்று அறுத்தன. கவை துருப்பிடித்திருக்கும் என்று பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

டெல்பின் எழுந்து நின்றாள்.

“துரு இல்ல சார். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான் சொல்லும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பம்லருந்து?”

“முதல் வருசத்துலருந்து.”

அவர் கவையைத் திரும்ப உறைக்குள் போட்டார். உறையின் பொத்தானை மாட்ட இரண்டு தடவை முயன்றார். “இன்னிக்கு ஒத்திகை போதும்” என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வெளியே நடந்தார். அடுத்த நாலு நாளும் அவர் அவளோடு பேசவில்லை. பேச வேண்டியவற்றைப் பல் டாக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஹாலில் ஊர்க் கூட்டம் கூடியது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், உலகத்துக்கு ஒரு சுருதி இருக்கும்போது நமக்கு மட்டும் தனிச் சுருதி எதற்கு, பிள்ளைகள் வெளியே போய் எப்படிப் பாடும் என்றார். வெளியே போய் ஏன் பாட வேண்டும் என்று மீன் ஏலக்காரர் கேட்டார். பதினோரு வருஷம் தன்னைத் தப்பாகப் பாடவைத்துவிட்டாள் ஒருத்தி என்று பாட்டு டீச்சர் அழுதாள். டெல்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்; அவள் பெயரை யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

சிவன் கோவிலில் நாதசுரம் வாசிக்கும் செண்பகராமன் பின்னால் நின்றிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“இதுல குத்தம் என்னன்னு எனக்கு வெளங்கல,” என்றார். “சுருதி ஆளுக்கு ஆள் மாறும், வயசுக்கு வயசு மாறும். எங்கய்யா மூணு கட்டைல வாசிச்சாரு, நான் ரெண்டரை. அடிச்சுரமான சட்ஜமத்த எங்க வச்சுக்கிட்டாலும் மத்தது அது கூடயே வரும். சுருதி எறங்குது, எறங்குதுன்னு எனக்கும்தான் தெரியும். சீவாளிய மாத்திக்கிட்டேன். சொல்லக்கூடிய விசயமா அது?”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. செண்பகராமன் கடைசி வரிசைக்குப் போய், டெல்பினுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எறங்குனதுல ஒண்ணுமில்லம்மா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “என்னட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நம்ம ரெண்டு பேருமாத் தெரிஞ்சு வச்சிருந்திருப்போம்லா. ஒத்தையில வச்சிருந்துட்டியளே.”

அவள் அப்போதுதான் அழுதாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் இருந்த தேவநேசன் எழுந்து, அந்தப் பெண் அவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்திருக்கிறாள், அவள் காதுக்கு ஏற்றபடி ஒருநாள் நாம் வாசிப்போம், மற்றதைப் பிறகு பேசுவோம் என்றார். அதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. கிடங்கு ஹாலில் பழைய சுரம் நிற்பதால் அங்கே முடியாது. இரண்டு மைல் தள்ளிக் கடற்கரையில் மீன் ஏலக் கொட்டகை இருந்தது, அங்கே அது கேட்காது. ஏலக்காரரே ஆட்களை விட்டுக் கழுவிக் கொடுத்தார். கான்வென்டுப் பியானோவை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மிருணாளினி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஆர்கன்காரர் ஒவ்வொரு கம்பியாக மேலே ஏற்றினார். கடைசல்காரர் பட்டறை வாசலில் குழல்கள் வரிசையில் நின்றன. பதினோரு வருஷத்து வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தட்டில் போட்டார். வயலின்களை முறுக்கியபோது ஏழு தந்தி அறுந்தது. செல்லோ வாசிக்கும் மூத்த கன்னியாஸ்திரி, தன் வாத்தியம் வலிதாங்காமல் முனகுவதாகச் சொன்னார், ஆனாலும் முறுக்கினார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஊர் முழுக்கக் கொட்டகையில் இருந்தது. எவ்வளவு கழுவியும் தரையில் ஐஸும் மீனும் கலந்த வாசனை போகவில்லை. கடல் அன்று அமைதியாக இருந்தது. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து, பழக்கத்தில் டெல்பினின் தலைக்கு மேலே பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படித் தொடங்குவது என்று கொஞ்ச நேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு பல் டாக்டர் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

டெல்பின் குழலை எடுத்து ஊதினாள். சரியான ‘ஏ’. அது கொட்டகையின் தகரக் கூரை வரை போனபோது, கூட்டத்தில் குழந்தைகள் சிலது வீறிட்டன, பெரியவர்கள் தாடையை இறுக்கிக்கொண்டார்கள், தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பியதுபோல எல்லார் முதுகும் நிமிர்ந்தது. மிருணாளினி மட்டும் கண்ணை மூடி மூச்சு விட்டாள். டெல்பின் மூச்சு முடியும் வரை ஊதிவிட்டுக் குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

சுரம் நின்றது.

தொள்ளாயிரம் பேரும் அது நிற்காதென்று காத்திருந்தார்கள். அது நின்றுவிட்டது; அலைச் சத்தம் கேட்டது, யாரோ செருமினார்கள். வாத்தியக்காரர்கள் வில்லைத் தூக்கியபடியே இருந்தார்கள். எல்லாச் சத்தமும் நிற்கும் என்பதை அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். சேர்த்துக்கொள்வதற்குள் போய்விட்டது, எந்த உயரத்தில் இருந்தது என்று பிடித்துவைக்க ஒருவராலும் முடியவில்லை. டெல்பின் குழலை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

தேவநேசன் மேடைப் பலகையில் வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பினார்.

“டெல்பின்,” என்றார். “எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ குடுங்க.”

அவள் கொடுத்தாள். வயலின்கள் சேர்ந்தன. மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தாள். செல்லோக்கள், கொம்பு, கடைசியில் பெரிய பித்தளைக் குழல்கள். அன்று ஏழு தடவை ஊதினாள். பிறகு மிருணாளினி கையை வைத்தாள். கச்சேரியின் முதல் பாதியைச் சனங்கள் அந்நிய வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தவர்களைப்போல நேராக உட்கார்ந்து கேட்டார்கள். மெதுவான பகுதி வந்தபோது தோள்கள் தளர்ந்தன. முடிந்ததும் கைதட்டினார்கள். மிருணாளினி திங்கட்கிழமை ரயிலேறினாள்.

அதன்பின் சங்குமுனையில் இரண்டு சுருதி ஆயிற்று. வெளியூர்க் கலைஞர்கள் வந்தால் கொட்டகையில் கச்சேரி, மற்ற நாளில் கிடங்கு ஹாலில். பள்ளிப் பிள்ளைகள் இரண்டிலும் பாடப் பழகினார்கள், பாட்டு டீச்சர் இரண்டு ஆர்மோனியம் வைத்துக்கொண்டாள், கோர்ட்டு நாலு நாள் நடந்தது. ஹாலில் நிற்கும் சுரம் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டெல்பினும் செண்பகராமனும் மாதத்தில் ஒருநாள் போய் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, வாசலில் தொங்கவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். கொட்டகையில் ஒத்திகை இருக்கும் நாளில் டெல்பின் எழுந்து நின்று ‘ஏ’ கொடுக்கிறாள். முதல் தடவையே எல்லாருக்கும் நன்றாகக் கேட்டிருந்தாலும், யாராவது ஒருவர் கையைத் தூக்கி, இன்னொரு தடவை என்கிறார்.